செம்பு, உருஷி, மரம்: நாரா காலம் முதல் ஜோச்சோ வரை புத்தர் சிலைகள் ஏன் பொருள் மாறின?

பொன்வண்டு:
வணக்கம். ஜப்பானின் பழைய புத்தர் சிலைகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. 623இல் ஹோரியூ-ஜி கோயிலுக்குத் தோரி செய்த சாக்கியமுனி செம்பு. 734இல் கோஃபுகு-ஜியின் ஆஷுரா, மூன்று முகமும் ஆறு கையும் கொண்ட காவல் தெய்வம், துணியும் மரப்பாலும். 752இல் கண் திறந்த தோதாய்-ஜி பெரும் புத்தர் மறுபடி செம்பு, அதுவும் மலை போல. 1053இல் பியோதோ-இன் அமிதாபர் வரும்போது மரம். கைத்திறன் வளர வளர உலோகத்தை நோக்கித்தானே போக வேண்டும்? இங்கே ஏன் மரத்தில் போய் நிற்கிறது?

இன்னொன்று. பெரும் புத்தரை எட்டு தடவையாக ஊற்றினார்கள் என்று எல்லா இடத்திலும் ஒரு வரி வருகிறது. அது எப்படி என்று யாரும் விளக்குவதில்லை. மெழுகு வார்ப்பா?

உலைக்களம்:
மெழுகு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 7ஆம் நூற்றாண்டின் சின்னச் சின்ன முலாம் பூசிய சிலைகள் பெரும்பாலும் மெழுகு வார்ப்புதான். பெரும் புத்தர் அப்படி இல்லை. அந்த அளவுக்கு மெழுகு திரட்ட முடியாது, திரட்டினாலும் அதன் எடையை அதுவே தாங்காது. களிமண்ணில் முழு உருவத்தையும் செய்து, அதன்மேல் துண்டு துண்டாக அச்சு எடுத்த வேலை அது.

வரிசை இது. நடுவில் தடித்த மரத்தூண்கள், சுற்றிலும் மரச்சட்டம், அதில் கயிறும் கிளைகளும் பின்னி, முதலில் கரட்டு மண், மேலே மேலே நயமான மண். இப்படி 16 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் ஒரு மண் புத்தர் எழும்புகிறார். அவரை நன்றாக உலரவிட்டு, அடிப்பக்கத்திலிருந்து வெளி அச்சை அப்புகிறார்கள். மண்ணும் மண்ணும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையில் ஒரு பிரிபொருள் வேண்டும். அப்பிய அச்சைக் காய்ந்ததும் துண்டுகளாகக் கழற்றிச் சுடுகிறார்கள். அதன்பிறகு மண் புத்தரின் மேல்தோலைச் சீராகச் சீவுகிறார்கள். எத்தனை சென்டிமீட்டர் சீவுகிறோமோ அதுதான் செம்பின் கனம். சீவி முடித்த மண் உருவம் இப்போது உள் அச்சு. கழற்றிய வெளி அச்சைத் திரும்பப் பொருத்தினால் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளி எங்கும் ஒரே அளவில் நிற்க, நடுநடுவே சிறு உலோகத் துண்டுகளை முட்டுக் கொடுக்கிறார்கள். அந்தத் துண்டுகள் வார்ப்போடு வார்ப்பாக உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்து வருவதுதான் எட்டு தடவை. ஓர் அடுக்கு சுமார் 2 மீட்டர். முதல் அடுக்கைச் சுற்றி மண்மேடு கட்டி, மேட்டின்மேல் உலைகளை வரிசையாக வைத்து, எல்லா உலைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் செம்பு ஓடிவரும்படி வாய்க்கால் விடுகிறார்கள். அது ஆறியதும் அடுத்த அடுக்கு அச்சு, இன்னும் உயரமான மேடு, மறுபடி உலைகள். 747இன் 9ஆம் மாதம் தொடங்கி 749இன் 10ஆம் மாதம் வரை. முடியும்போது புத்தர் ஒரு குன்றுக்குள் புதைந்திருப்பார். குன்றைத் தலையிலிருந்து கீழ்நோக்கி வெட்டி எடுத்துக்கொண்டே சீர் செய்ய வேண்டும்.

மேடு வெறும் சாரத்துக்காக அல்ல. உருகிய செம்பு தண்ணீரைப் போல எட்டு மடங்கு கனம். 2 மீட்டர் உயரத்துக்கு அது நின்றால் அச்சின் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 16 டன் அழுத்தம். மண் அணை இல்லாவிட்டால் அச்சு பிளந்து செம்பு வெளியே பாயும்.

கடலோடி:
ஆறிப்போன அடுக்கின்மேல் புதிதாக ஊற்றினால் இரண்டும் ஒட்டுமா? பாத்திரத்தில் சாதாரணப் பற்றவைப்புக்கே இரண்டு பக்கமும் சூடேற்ற வேண்டியிருக்கிறதே.

உலைக்களம்:
நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் கடலோடி. ஒட்டாது. கீழே இருக்கும் செம்பு அவ்வளவு பெரிய நிறை, வந்து விழும் சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மேலே ஊற்றியது அதன் தோலில் உறைந்து உட்காருமே தவிர ஒன்றாக இளகாது. கீழடுக்கின் விளிம்பை மேலடுக்கு கவ்விப் பிடிக்கும்படி வடிவம் கொடுப்பதுதான் வழி. பிடிப்பு முழுக்கக் கவ்வலில் இருக்கிறது, உருக்கில் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் காமகுரா புத்தரில் இந்தக் கவ்வல்களை உள்ளே நுழைந்து பார்க்கிறவர்கள் கண்ணாலேயே காணலாம்.

கெட்டுப்போவதற்கு வேறு வழிகளும் உண்டு. அச்சில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தாலும் அது ஒரே நொடியில் ஆவியாகி அச்சை உடைக்கும், அல்லது செம்புக்குள் குமிழாக மாட்டிக்கொள்ளும். உலை ஒன்று பிந்தினால் அந்தப் பக்கம் செம்பு போய்ச் சேருமுன் உறைந்து ஓட்டை விழும். 749இல் ஊற்றி முடித்தும் வேலை முடியாததற்கு இதுதான் காரணம். ஓட்டைகளுக்கும் விடுபட்ட இடங்களுக்கும் மேல்வார்ப்பு ஊற்றி அடைப்பதிலேயே இன்னும் பல வருடங்கள் போயின. தலையின் சுருள்முடிகள் தனித்தனியாக வார்த்துப் பொருத்தியவை. பழைய பதிவு அவை 966 என்கிறது. அண்மையில் லேசர் கொண்டு அளந்தபோது கணக்கு 492தான் வந்தது.

ஏடகம்:
தோதாய்-ஜியின் பழைய பதிவுத் தொகுப்பில் சரக்குக் கணக்கு இருக்கிறது. எடுத்து வைக்கிறேன், உலைக்களம் விளக்கட்டும்.

செம்பு 739,560 கின், இன்றைய கணக்கில் சுமார் 499 டன். வெள்ளீயம் 12,618 கின், சுமார் 8.5 டன். தங்கம் 10,446 ரியோ, சுமார் 440 கிலோ. பாதரசம் 58,620 ரியோ, சுமார் 2.5 டன். கரி 16,656 கொக்கு, இது பழைய கொள்ளளவு.

ஆள் கணக்கும் உண்டு. மரம் தந்த அடியார்கள் 51,590, அந்த வேலைக்கு வந்த ஆட்கள் 1,665,071, உலோகம் தந்தவர்கள் 372,075, அந்த வேலைக்கு ஆட்கள் 514,902. கூட்டினால் 26 லட்சத்துக்கு மேல். ஒரே ஆள் பல நாள் வந்ததை எல்லாம் சேர்த்த கணக்காகத்தான் இதைப் படிக்க வேண்டும், நாட்டு மக்கள்தொகையில் பாதி என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை.

உலைக்களம்:
நன்றி ஏடகம். இந்தக் கணக்கிலேயே இரண்டு சங்கதி ஒளிந்திருக்கிறது.

வெள்ளீயம் செம்பில் 1.7 சதவீதம்தான். வழக்கமான வெண்கலத்துக்கு இது மிகக் குறைவு. சுத்தச் செம்பு 1,085 டிகிரியில்தான் உருகும், உருகினாலும் கொழகொழவென்று ஓடும், காற்றை வேறு உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் செம்பை வைத்துக்கொண்டு இவ்வளவு மெல்லிய இடைவெளிக்குள் எப்படி ஓட்டினார்கள்? விடை சுரங்கத்தில் இருக்கிறது. இன்றைய யாமகுச்சி மாவட்டத்தின் நாகனோபோரி சுரங்கச் செம்பு இந்தச் சிலைக்குப் போனது அகழாய்வில் உறுதியானது. அந்தச் செம்பில் இயல்பாகவே ஆர்செனிக் உண்டு. ஆர்செனிக் உருகுநிலையைக் குறைக்கும், ஓட்டத்தைக் கூட்டும். வெள்ளீயம் செய்ய வேண்டிய வேலையில் பாதியை ஆர்செனிக் செய்துகொடுத்தது. உலையருகே நின்றவர்களுக்கு அந்தப் புகை எவ்வளவு கேடு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது முலாம். தங்கத்துக்குப் பாதரசம் 1க்கு 5.6. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவந்து, செம்பை அழுக்கு நீக்கித் தேய்த்து, அதன்மேல் பூசி, கரித்தணலால் சூடுகாட்ட வேண்டும். பாதரசம் புகையாகப் போய்விடும், தங்கம் செம்பைப் பற்றிக்கொள்ளும். பூசினவுடன் பார்த்தால் வெள்ளி மாதிரிதான் இருக்கும். சூடு பட்டதும் மங்கலான மஞ்சளுக்குத் திரும்பும், மெருகிட்டால்தான் பொன். செம்பில் ஈயம் அதிகமாக இருந்தால் முலாம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், ஆகவே வெள்ளீயமும் ஈயமும் குறைந்த கலவை முலாமுக்கு வசதிதான்.

தாழை:
440 கிலோ தங்கம் ஜப்பானில் அப்போது கிடைத்ததா? அங்கே தங்கமே இல்லை என்று நம்பினார்கள் என்றல்லவா படித்திருக்கிறோம்?

ஏடகம்:
நம்பினார்கள்தான். பேரரசர் ஷோமு சிலைக்கு ஆணையிட்டது 743இல், தங்கம் எங்கிருந்து வரும் என்று தெரியாமலே. 749இன் தொடக்கத்தில் வடக்கே முத்சு மாகாணத்தில், இன்றைய மியாகி மாவட்டத்து வாக்குயாவில், தங்கம் கிடைத்தது. மாகாண ஆளுநர் குதாரா நோ கியோஃபுகு 900 ரியோ கொண்டுவந்து கொடுத்தார். தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அரசர் ஆண்டுப் பெயரையே மாற்றினார். இந்தக் கியோஃபுகு கொரியத் தீபகற்பத்தின் அழிந்துபோன பெக்சே அரச வம்சத்து வழித்தோன்றல். சிலை வேலைக்குத் தலைமை தாங்கிய குனினாகா நோ கிமிமாரோவின் பாட்டனாரும் பெக்சேயிலிருந்து வந்தவரே. இன்னும் பின்னே போனால், 588இல் ஆசுகா-தெரா கோயிலுக்காகப் பெக்சே அனுப்பிய ஆட்கள் பட்டியல் இருக்கிறது: கோயில் தச்சர்கள், கோபுர உச்சி உலோகம் வார்ப்பவர் ஒருவர், ஓடு செய்பவர்கள் 4 பேர், ஓவியர். பௌத்தம் ஜப்பானுக்குள் வந்தது சூத்திரமாக மட்டுமல்ல, ஓட்டுச் சூளையாகவும் உலையாகவும் வந்தது. இதைச் சொல்லாமல் நாரா கலையைப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆணைக்கான பின்னணியையும் பார்க்க வேண்டும். 735 முதல் 737 வரை பெரியம்மை நாட்டை வாரிக்கொண்டு போனது. அரசவையை நடத்திய ஃபுஜிவாரா சகோதரர் நால்வரும் 737இல் ஒரே ஆண்டில் இறந்தார்கள். 741இல் மாகாணத்துக்கு ஒரு கோயில் என்ற ஆணை, 743இல் பெரும் புத்தர். ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவந்து உதவ விரும்புகிறவரைத் தடுக்காதீர்கள் என்று அந்த ஆணை சொல்கிறது. அதுவரை அரசால் அடக்கிவைக்கப்பட்டிருந்த ஊர்சுற்றித் துறவி கியோகியை நிதி திரட்ட அழைத்ததும் இதனால்தான். குளமும் பாலமும் கட்டி மக்களிடம் பேர் வாங்கியவர் அவர். 745இல் தலைமைக் குரு பட்டம் கொடுத்தார்கள். 749இல் காலமானார், சிலை முடிவதைப் பார்க்கவில்லை.

தாழை:
நாட்டுத் தெய்வங்களான காமிகளை வணங்கியவர்கள் இதை எதிர்க்கவில்லையா? 587இல் சோகா, மோனோனோபே குடும்பங்கள் போரிட்டதே இதற்காகத்தானே.

ஏடகம்:
150 வருடத்தில் நிலைமை தலைகீழ். கியூஷுவின் உசா கோயில் ஹாச்சிமான் தெய்வம் சிலைக்குத் துணை நிற்பதாக வாக்குச் சொன்னது. 749இன் 12ஆம் மாதம் அந்தத் தெய்வத்தையே நாராவுக்கு எழுந்தருளச் செய்தார்கள். தெய்வத்தின் பூசாரினி ஊதாப் பல்லக்கில் வந்தார், அவர் ஒரு பிக்குணியும்கூட. ஊதா அரசருக்குரிய நிறம். தோதாய்-ஜிக்குக் காவல் தெய்வமாக ஹாச்சிமான் அங்கேயே தங்கினார், இன்றும் பக்கத்தில் தாமுகேயாமா கோயில் இருக்கிறது.

கடலோடி:
கண் திறப்பைச் செய்தவர் மதுரைக்காரர் போதிசேனர் என்று நம் பக்கத்தில் பகிர்கிறார்களே. அதற்கு ஆதாரம் உண்டா?

ஏடகம்:
ஜப்பானில் அவருடைய சீடர் எழுதிய நினைவுரை இருக்கிறது. தென்னிந்தியர், பிராமணர், பாரத்துவாச கோத்திரம், அவ்வளவுதான் அதில் உள்ளது. ஊர்ப் பெயர் கிடையாது. மதுரை என்பதை யாரோ சேர்த்துக்கொண்டது, விட்டுவிடுங்கள். உள்ளதே நமக்குப் போதிய பெருமை.

போதிசத்துவர் மஞ்சுஸ்ரீயைத் தேடிச் சீனத்து வூதாய் மலைக்குப் போனவர். அங்கிருந்து ஜப்பான் தூதுக்குழுவோடு 736இல் வந்து சேர்ந்தார். கூட வந்தவர்கள் சீனத் துறவி தோசென், இன்றைய வியட்நாம் பகுதியில் இருந்த சம்பா நாட்டின் துறவி புத்தெட்சு. நாராவின் தாய்-ஆன்-ஜி கோயிலில் தங்கினார். 751இல் உயர்குரு பட்டம். 752இன் 4ஆம் மாதம் 9ஆம் நாள் சாரம் ஏறிப் புத்தரின் கண்மணியைத் தூரிகையால் எழுதியவர் இவர். தூரிகையில் நீலப் பட்டுக் கயிறு ஒன்று கட்டி, கீழே நின்றவர்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் கை அசையும்போது அத்தனை பேர் கையும் அசைந்தது. அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோ-இன் கருவூலத்தில் இப்போதும் இருக்கின்றன. தூரிகை 50 சென்டிமீட்டருக்கு மேல், கயிறு 200 மீட்டருக்கு அருகே. 1185இல், எரிந்த சிலையைச் சரிசெய்து மறுபடி கண் திறந்தபோது துறவரசர் கோ-ஷிராகாவா இதே தூரிகையைத்தான் கேட்டு வாங்கினார்.

விழாவுக்கு வந்த துறவிகள் 10,000 பேர் என்கிறது அரசு வரலாற்று நூலான ஷோகு நிஹோங்கி. அன்று முலாம் வேலை பாதியில் இருந்தது, அது முடிய 757 ஆயிற்று. நோயாளியான ஷோமுவின் உடல்நிலை காத்திருக்க விடவில்லை என்பதே என் எண்ணம். 756இல் அவர் காலமானார்.

பண்பலை:
இசைக்காரர்கள் போதிசேனரை வேறு காரணத்துக்காக நினைக்கிறார்கள். அவரும் புத்தெட்சுவும் கொண்டுவந்ததாக அரசவை இசையான ககாகுவில் ஒரு தொகுதி உண்டு, சம்பா நாட்டு இசை என்றே அதற்குப் பெயர். அதில் ஒன்று கரியோபின், அதாவது நம் கலவிங்கப் பறவை. முதுகில் வண்ண இறக்கை கட்டிய 4 குழந்தைகள் கையில் சிறு தாளங்களைத் தட்டிக்கொண்டு ஆடுவது. சொர்க்கப் பறவையின் குரல் அந்தத் தாள ஒலிதான். கண் திறப்பு விழாவில் முகமூடி ஆட்டமான கிகாகுவும் நடந்தது. ஷோசோ-இன் முகமூடிகள் சிலவற்றின் உட்புறம் அந்த நாளின் தேதியே மையில் எழுதியிருக்கிறது. தலையை முழுக்க மூடும் அளவு பெரியவை, திறந்தவெளி ஆட்டத்துக்கானவை.

பொன்வண்டு:
அருமை. இப்போது என் முதல் கேள்விக்கு வருவோமா? ஆஷுராவின் பொருளை நம் பக்கத்தில் 'அரக்கு' என்று எழுதுகிறார்கள். 1.5 மீட்டர் சிலை 15 கிலோதான் என்பது நிஜமா?

மரப்பால்:
எடை நிஜம். உயரம் 153 சென்டிமீட்டர், எடை 15 கிலோ அளவில். அரக்கு என்பது தவறு, அதைத் திருத்தியே ஆக வேண்டும். நம் அரக்கு பூச்சி தருவது, சூட்டில் இளகும், சாராயத்தில் கரையும். உருஷி ஒரு மரத்தின் பால். பட்டையைக் கீறி வடிப்பது, தோலில் பட்டால் கொப்புளிக்கும். ஒரு தடவை இறுகிவிட்டால் சூட்டுக்கும் இளகாது, எதிலும் கரையாது.

உருஷி 'காய்வது' இல்லை. அதிலுள்ள ஒரு நொதி ஈரமான காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்து அதை இறுக்குகிறது. 20 முதல் 25 டிகிரி சூடு, 70 முதல் 80 சதவீத ஈரப்பதம் வேண்டும். வெயிலில் வைத்தால் நாள்கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும். அவசரப்பட்டுக் கனமாகப் பூசினால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே பாலாகவே நின்று, மேலே சுருக்கம் விழும். அதைச் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை. மெல்லிசாகப் பூசி, இறுகவிட்டு, மறுபடி பூச வேண்டும்.

ஆஷுராவின் முறை இப்படி. மரச்சட்டத்தின்மேல் களிமண்ணில் உருவத்தைச் சுமாராகச் செய்கிறார்கள். உருஷியில் மாவு குழைத்த பசையால் சணல் துணியை அதன்மேல் ஒட்டுகிறார்கள். ஒரு சுற்று இறுகியபின் அடுத்தது. சிலையைப் பொறுத்து 5 முதல் 10 சுற்று. முழுக்க இறுகியதும் முதுகில் வெட்டித் திறந்து மண்ணை எல்லாம் வாரி எடுத்துவிடுகிறார்கள். உள்ளே இப்போது வெறும் கூடு. அப்படியே விட்டால் வருடம் போகப் போக வளையும். அதனால் உள்ளே புதிதாக ஒரு மரச்சட்டத்தை நிறுத்தி, வெட்டிய இடத்தைத் தைத்து மூடுகிறார்கள். முகத்தின் நயம் எல்லாம் இதற்குப் பிறகுதான். உருஷியில் மரத்தூள் கலந்த விழுதை விரலாலும் கரண்டியாலும் வைத்து வைத்துக் கண்ணிமையும் உதடும் எழுப்புகிறார்கள். ஆஷுராவின் நடு முகத்தில் புருவம் லேசாகச் சுருங்கி, அழுகைக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்பது போல் இருப்பது கல்லிலோ செம்பிலோ எளிதில் வராது. வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி வைக்கக் கூடிய பொருளில்தான் வரும்.

இதைச் செய்வித்தவர் பேரரசி கோமியோ, 733இல் இறந்த தன் தாய் தாசிபானா நோ மிச்சியோவின் முதலாண்டு நினைவுக்காக. மெல்லிய கைகள் ஆறும் இன்றுவரை நம்மிடம் இருப்பதற்கும் அந்த 15 கிலோதான் காரணம். ஆஷுரா இருந்த மண்டபம் பலமுறை எரிந்தது, 1180இல் ஒன்று, 1717இல் ஒன்று. செம்பாகவோ மண்ணாகவோ இருந்தால் அங்கேயே போயிருக்கும். இதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது.

பொன்வண்டு:
இவ்வளவு நல்ல முறையை ஏன் கைவிட்டார்கள்?

மரப்பால்:
விலை. ஒரு உருஷி மரம் வளர 10 முதல் 15 வருடம், அதிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 200 கிராம்தான். அரசுச் சட்டத்திலேயே வீட்டு வாரியாக உருஷி மரம் நட வேண்டும் என்று இருந்தது: மேல்நிலைக் குடும்பம் 100, நடுத்தரம் 70, கீழ்நிலை 40. அப்படி நட்டு வடித்ததை எல்லாம் வாங்கிச் சிலைக்குள் ஊற்ற அரசுக் கருவூலம் பின்னால் நின்றால்தான் முடியும். தோதாய்-ஜியின் ஹொக்கே-தோ மண்டபத்து அவலோகிதர் 362 சென்டிமீட்டர் உயரம், முழுவதும் இந்த முறைதான். எவ்வளவு பால் குடித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 8ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிக்கனம் வந்தது. மரத்தில் உருவத்தைச் செதுக்கி, அதன்மேல் விழுதை மட்டும் வைத்து நயம் செய்தார்கள். விழுதின் கனம் வருடத்துக்கு வருடம் குறைந்தது. கடைசியில் மரம் மட்டும் மிஞ்சியது.

அதோடு அரசும் நகர்ந்தது. 784இல் தலைநகர் நாராவை விட்டுப் போனது, நாரா கோயில்களின் பெரிய அரசுப் பட்டறைகள் கலைந்தன.

உளிச்சத்தம்:
மரப்பால் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன், ஒன்றே ஒன்று சேர்க்க வேண்டும். மரம் வெறும் ஏழை மாற்று அல்ல. ஐந்து முறை கடலில் தோற்று, கண்பார்வை இழந்து, 753இல் கரை சேர்ந்த சீனத் துறவி கன்ஜினோடு வந்த கைவினைஞர்கள் மரத்தில் செதுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். சந்தனத்தில் செதுக்க வேண்டிய சிலைகளுக்கு ஜப்பானில் சந்தனம் இல்லை, காயா மரத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரே மரத்தில் செதுக்கிய அந்தச் சிலைகளுக்குத் தனி வீறு உண்டு.

ஆனால் ஒற்றை மரம் வெடிக்கும். வெளிப்புறம் சீக்கிரம் உலர்ந்து சுருங்கும், நடுவில் வைரம் சுருங்காது. சுற்றளவு சுருங்க இடமில்லாமல் முகத்திலேயே பிளக்கும். பின்பக்கத்திலிருந்து குடைந்து நடுமரத்தை எடுத்துவிடுவது முதல் மருந்து. அடுத்தது, சிலையை நார்வழியே இரண்டாகப் பிளந்து உள்ளே குடைந்து மறுபடி சேர்ப்பது. கடைசிப் படி, பல கட்டைகளைச் சேர்த்து உருவம் கட்டுவது. அதை முழுமையாக்கியவர் சிற்பி ஜோச்சோ.

1053இல் பியோதோ-இன் ஃபீனிக்ஸ் மண்டபத்தில் அவர் வைத்த அமிதாபர் 2.8 மீட்டர் உயரம், ஹினோகி மரம். தலைக்கும் உடலுக்கும் நேராக நிற்கும் கட்டைகள், மடித்த கால்களுக்குக் குறுக்கே கிடக்கும் கட்டைகள். கரட்டு உருவம் வந்ததும் பிரித்து, உட்புறத்தை ஒரே கனத்துக்குக் குடைந்து, திரும்பச் சேர்த்து, நயம் செதுக்கி, உருஷி பூசித் தங்கத்தாள் ஒட்டுவது. பெரிய மரம் தேட வேண்டாம். கட்டைகள் ஒவ்வொன்றும் மெல்லிசு, ஆகவே வெடிப்பும் குறைவு. எல்லாவற்றையும் விட முக்கியம், பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஒரே சிலையில் வேலை செய்யலாம். 1026இல் பேரரசியின் பிரசவத்துக்காக ஆளுயரச் சிலைகள் 27 கேட்டபோது ஜோச்சோ 125 பேரை வைத்து இரண்டு மாதத்துக்குள் கொடுத்துவிட்டார். செம்பில் நினைத்துப் பார்க்க முடியுமா?

இதற்குக் கேட்பும் இருந்தது. 1052இல் தர்மத்தின் கடைக்காலம் தொடங்குகிறது என்று நம்பினார்கள். அரசவைக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அமிதாபர் மண்டபம் கட்டத் துடித்தன. அதே 1052இல்தான் ஃபுஜிவாரா நோ யோரிமிச்சி தன் தந்தையின் மாளிகையைக் கோயிலாக மாற்றினார். அடுத்த வருடம் இந்த மண்டபம். பொன்வண்டு, உங்கள் கேள்விக்கு என் விடை இதுவே: செம்பு முழு நாட்டையும் திரட்டிய அரசரின் பொருள், உருஷி கருவூலத்தின் பொருள், கட்டை சேர்த்த மரம் பிரபுக் குடும்பத்தின் பொருள். கேட்பவர் மாற மாறப் பட்டறை மாறியது. 1022இல் ஜோச்சோவுக்குத் துறவிப் படிநிலையில் பட்டம் கொடுத்தார்கள். சிற்பி ஒருவருக்கு அது முதல் தடவை.

உலைக்களம்:
செம்பின் பக்கம் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரும் புத்தர் முடிந்த கொஞ்ச காலத்திலேயே முதுகில் வெடிப்பு, பிறகு சாய்வு. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பின்னால் ஒரு மண்மேடு கட்டித் தாங்கினார்கள். 855 நிலநடுக்கத்தில் தலையே கழன்று விழுந்தது. அடுக்குக்கு அடுக்கு கவ்வல்தான் பிடிப்பு என்றேனே, கழுத்துதான் அதில் குறுகலான இடம், மேலே கனமான இடம். இன்பே நோ ஃபுமியாமா என்பவர் உயர்ந்த ஏணிச்சட்டமும் உருளையும் கொண்டு அதைத் திரும்ப ஏற்றினார், 861இல் மறு கண் திறப்பு. 1180இலும் 1567இலும் போரில் எரிந்தது. இன்று பார்க்கும் தலை 17ஆம் நூற்றாண்டு, மண்டபம் 1709. 8ஆம் நூற்றாண்டுக் கையைப் பார்க்க விரும்புகிறவர்கள் பீடத்தின் தாமரை இதழ்களைக் குனிந்து பார்க்க வேண்டும். பல உலகங்களும் புத்தர்களும் மயிரிழைக் கோடுகளாக அங்கே செதுக்கப்பட்டிருக்கின்றன.

கடலோடி:
ஷோசோ-இன் பற்றி ஒரு துணைக்கேள்வி. முக்கோண மரக்கட்டைகள் மழையில் ஊதி இடைவெளியை அடைக்கும், வெயிலில் சுருங்கிக் காற்று விடும், அதனால்தான் 1,250 வருடம் பொருட்கள் தாங்கின என்பார்களே?

மரப்பால்:
அழகான கதை, உண்மை இல்லை. மேலே அத்தனை கூரைச் சுமை இருக்கும்போது கட்டைகளுக்கு நடுவே அப்படித் திறந்து மூட இடமே கிடையாது. பொருட்களைக் காத்தவை மூன்று: தரையிலிருந்து உயர்த்திய தளம், உள்ளே வைத்த தேவதாரு மரப்பெட்டிகள், அரச முத்திரை. பெட்டியின் கனத்த மரம் ஈரத்தை மெதுவாக வாங்கி மெதுவாக விடும், அதனால் வெளியே எவ்வளவு மாறினாலும் உள்ளே அசையாது. முத்திரை இருந்ததால் யாரும் சும்மா திறக்கவில்லை. 756இல் கோமியோ கணவர் ஷோமுவின் 600க்கும் மேற்பட்ட பொருட்களைப் பெரும் புத்தருக்குக் காணிக்கையாக்கியபோது எழுதிய பட்டியலும் கூடவே இருக்கிறது. அதிலுள்ள ஐந்து நரம்பு பீவா என்ற மீட்டு இசைக்கருவி இந்திய மரபில் வந்த வடிவம். அந்தக் காலத்து ஐந்து நரம்பு பீவாவில் உலகில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

தாழை:
உளிச்சத்தம், குடைந்த மரச்சிலைக்குள் ஏதாவது வைத்திருக்கிறார்களா? வெற்றிடத்தை அப்படியே விட்டிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

உளிச்சத்தம்:
பியோதோ-இன் அமிதாபருக்குள் மரத்தில் செய்த ஒரு நிலா வட்டம் இருக்கிறது, தாமரைப் பீடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதில் அமிதாபரின் தாரணிகளை, அதாவது மந்திரங்களை, மையால் எழுதியிருக்கிறார்கள், சீன எழுத்தில் அல்ல, சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட சித்தம் எழுத்தில். சிலையின் இதயம் அது.

ஏடகம்:
சித்தம் என்றதும் ஒன்று சேர்க்க வேண்டும், தமிழ் படிக்கிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. 806இல் சீனத்திலிருந்து திரும்பிய கூக்காய் முதலான துறவிகள் மந்திரம் பிழையாகாமல் இருக்கச் சித்தம் எழுத்தையும் சமஸ்கிருத ஒலி வரிசையையும் படித்தார்கள். அந்தப் படிப்பிலிருந்துதான் ஜப்பானியக் கானா எழுத்துகளின் அட்டவணை வரிசை பிறந்தது. உயிர்கள் அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இன்றைய ஹ வரிசை பழைய ஜப்பானியத்தில் ப. அதைத் திருப்பிப் போட்டுப் படியுங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நம் நெடுங்கணக்கில் ங, ஞ, ட, ண, லவை எடுத்துவிட்டு வகரத்தோடு நிறுத்தினால் அதே வரிசை. இரண்டும் ஒரே பிராமி ஒலி அடுக்கிலிருந்து வந்தவை.

பொன்வண்டு:
ஏடகம் ஐயா, ஒரு விளக்கம். இந்த வரிசை போதிசேனர் சொல்லிக்கொடுத்ததா, கூக்காய் காலமா?

ஏடகம்:
தனி ஒருவர் பேரில் எழுத முடியாது. கூக்காய்க்குப் பின்னும் பல தலைமுறை சித்தம் படிப்பு தொடர்ந்தது. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதி ஏட்டில் முதல் அட்டவணை தென்படும்போது வரிசை இன்னும் வேறாக இருக்கிறது. இன்றைய ஒழுங்குக்கு வருவது அதன் பிறகு, சித்தம் அறிஞர் மியோகாகு போன்றவர்கள் கையில். ஜோச்சோ அந்த நிலா வட்டத்தைச் சிலைக்குள் வைத்த அதே நூற்றாண்டு.